‘இது என்ன படம்?’ - அரூப ஓவியம் முன்னால் ஏன் முழிக்கிறோம்?

கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவின் காலண்டர் சாமி படங்களைப் பார்த்து யாரும் ‘இது என்ன?’ என்று கேட்க மாட்டார்கள். அரூப ஓவியம் என்றால் முதலில் வருவதே அந்தக் கேள்விதான். ‘நமக்கு ஒண்ணும் புரியலையே’ என்று நகர்ந்துவிடுகிறோம்.

ஓவியர் கே.எம்.ஆதிமூலம் (1938-2008) இரண்டு பாணியிலும் வரைந்தவர். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் பார்த்ததும் புரியும். கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கும் அவர்தான் படம் போட்டார். வண்ண ஓவியங்களிலோ உருவங்களை விட்டு, வெறும் வண்ணங்களுக்குப் போனார்.

எப்படி உருவாகிறது?

அரூப ஓவியர்கள் பலரும் முன்கூட்டியே திட்டம் போடுவதில்லை. முதலில் வைத்த நிறமே அடுத்த நிறத்தைக் கேட்கும். எங்கே நிறுத்துவது என்பதை உள்ளுணர்வு சொல்லும்.

சரியான விடை எது?

ஒரே விடை கிடையாது. பழுப்பும் கருப்பும் கலந்த பரப்பில் பசுவந்தனைக்காரருக்கு, சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்த கரிசல் தெரியலாம். தூத்துக்குடிக்காரருக்கு இரவுக் கடல் தெரியலாம். ரெண்டுமே தப்பில்லை. நிறத்தை ஓவியர் தருகிறார், நினைவு நம்முடையது.

அடுத்த முறை ‘இது என்ன?’ என்பதை விட்டுவிட்டு, ‘எனக்கு என்ன ஞாபகம் வருது?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷம் ஸ்க்ரோல் பண்ணாமல் நின்றால் போதும்.