ஒட்டு நாடாவை வெட்டும் முறை

மரவேலைப் பட்டறையில் இரு பலகைகளை ஒரே அளவாக அறுக்க, இருபுறமும் பசையுள்ள நாடாவால் அவற்றை ஒட்டிக்கொள்கிறோம். ஆணித்துளை விழாதிருப்பது இதன் நன்மை. ஆயினும், அந்நாடாவை வெட்டும்போது கத்தி சிக்கிக்கொள்கிறது, விளிம்பு கிழிகிறது. காரணம் யாது?

கத்தி மழுங்கிவிட்டது என்றே பலரும் எண்ணுவர். பெரும்பாலும் குற்றம் கூர்மையில் இல்லை. அலகில் படிந்த பசையிலேயே உள்ளது. இத்தகைய நாடாக்கள் சிலவற்றின் பசை, நம் பால்மரம் தரும் இரப்பரோடு பிசின் கலந்து செய்யப்படுவது. அஃது இரும்பையும் விடாது பற்றும். அப்போது வலிந்து அழுத்தினால் கத்தி வழுக்கிவிடும். நாமும் ஒருமுறை அவ்வாறு விரலை வெட்டிக்கொண்டோம்.

ஆகவே, நாடாவைப் பலகையின் விளிம்பைத் தாண்டிச் சற்று நீளுமாறு ஒட்டுக. மேல்தாளை உரிக்க வேண்டா. விளிம்பையொட்டிக் கத்தியை மென்மையாக ஒரே இழுப்பில் செலுத்துக. மற்றொரு கை கத்தி செல்லும் வழியில் இருத்தலாகாது. சில முறை வெட்டியபின், மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அலகின் முதுகுப்புறமிருந்து பெரியவர்கள் துடைத்துத் தருக. அருகில் நெருப்பு கூடாது. பின்னர் உலர்ந்த துணியாலும் துடைத்தல் வேண்டும். எண்ணெய் பட்ட நாடா ஒட்டாது.

மாணவர்களே, கருவி இடர்ப்பட்டால் வலிமையைக் கூட்டாதீர். முதலில் அதனைத் தூய்மை செய்வீர்!