இசைத்தட்டின் மறுபுறம்

கருந்தட்டொன்றினுள் இன்னிசையைப் பொதிந்துவைத்து, வேண்டுங்கால் கேட்டு மகிழும் வித்தை வியக்கற்பாலது. மறைந்துபோயின என எண்ணப்பட்ட அத்தட்டுகள் மீண்டும் ஏற்றம் பெற்றுள்ளன. அமெரிக்க நாட்டில் 2022ஆம் ஆண்டில் அவற்றின் விற்பனை, எண்ணிக்கையில் குறுந்தகடுகளை விஞ்சிற்று. 1987க்குப் பின் இஃதே முதன்முறை. இவற்றால் உடற்கும் உலகிற்கும் கேடு உண்டோ? தமிழ் பயிலும் யாம் இரசாயனத்தில் வல்லேம் அல்லேம்; எனினும் கற்றறிந்த அளவில் சிறிது கூறுவோம்.

முற்காலத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கினால் ஆயவை. சோட்டா நாகபுரி முதலிய இடங்களில், மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பதே அவ்வரக்கு. அத்தட்டுகள் எளிதில் உடைவன. 1948ஆம் ஆண்டில் கொலம்பியா கம்பெனியார் நெடுநேரம் இசைக்கும் வினைல் தட்டை வெளியிட்டனர். அரக்குத் தட்டு நாளடைவில் வழக்கொழிந்தது.

வினைல் தட்டிற்கு மூலப்பொருள் வினைல் குளோரைடு என்னும் வாயு. அதன் நுண்கூறுகள் சங்கிலிபோற் பிணைந்து பி.வி.சி. என்னும் திண்பொருள் ஆகின்றன. கேடு அவ்வாயுவிலேயே உளது. கெண்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில் பி.வி.சி. செய்யும் ஆலையொன்றின் தொழிலாளர் சிலர், கல்லீரலின் இரத்தக்குழாய்களில் தோன்றும் மிக அரிய புற்றுநோயால் மாண்டனர். ஆலை மருத்துவர் ஜான் கிரீச் இதனை உய்த்துணர்ந்தார். 1974இல் உலகம் அறிந்தது. அதன்பின், ஆலைக் காற்றில் பத்து இலட்சத்தில் 500 பங்குவரை இருக்கலாம் என்றிருந்த அமெரிக்க விதி, 1 பங்காகக் குறைக்கப்பட்டது.

நிற்க. தட்டைக் கையில் ஏந்திக் கேட்போர் அஞ்சவேண்டுமோ? வேண்டா. திண்பொருளான பின் எஞ்சும் வாயு மிகமிகச் சிறிது. ஆயின் பி.வி.சி.யின் எடையில் பாதிக்குமேல் குளோரின் ஆதலின், அதனைக் குப்பையோடு எரிப்பின் கண்ணையும் மூச்சையும் வருத்தும் அமிலப்புகை எழும். டையாக்சின் என்னும் நஞ்சும் பிறக்கும். மண்ணிற் புதைப்பினும் அஃது எளிதில் மக்குவதன்று.

ஆகவே தட்டின் தீங்கு அதன் வாழ்நாளில் இல்லை. பிறப்பிலும் இறப்பிலுமே உளது. பழந்தட்டை எரியாமலும் எறியாமலும் பேணிப் பிறர்க்கு அளிப்போமாக. புதியது வாங்குமுன் பழையது கிட்டுமோ எனத் தேடுவோமாக. நாம் நுகரும் இசைக்காக, நாம் காணாத ஆலையில் ஒருவர் மூச்சு விடுகின்றார். அம்மூச்சு தூயதாதல் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்வோமாக.