உங்களுக்குத் தெரியுமா? புரதத்தையே பார்க்காத புரதச் சோதனை

பாலில் எவ்வளவு புரதம் என்று சொல்லும் புகழ்பெற்ற கெல்டால் சோதனை, புரதத்தைப் பார்ப்பதே இல்லை! நைட்ரஜனை மட்டும் அளந்து, அதை 6.38-ஆல் பெருக்கிக் கணக்குச் சொல்கிறது.

• பிறந்த இடம் பால்பண்ணை அல்ல. 1883-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் ஜோஹன் கெல்டால் உருவாக்கியது.

• தட்டு, கிண்ணம் செய்யப் பயன்படும் மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் ஊற்றிய பாலில் அதைக் கொஞ்சம் கலந்தால் போதும், இந்தச் சோதனை 'புரதம் சரியாக இருக்கிறது' என்றுவிடும்.

• 2008-இல் சீனாவில் நடந்தது இதுதான். கலப்படப் பால்மாவு குடித்த சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குச் சிறுநீரகத்தில் கல். அரசுக் கணக்கிலேயே 6 பிஞ்சுகள் இறந்தன. தாய்மார்கள் நம்பிப் புகட்டிய பால் அது. மன்னிக்கவே முடியாத குற்றம்.

• இப்போது ஆய்வகங்கள் மெலமைனையே நேரடியாகத் தேடுகின்றன. குரோமட்டோகிராபி கருவி பாலில் உள்ள பொருள்களைப் பிரித்துத் தர, நிறைமானி மூலக்கூறின் எடையை வைத்து மெலமைனை அடையாளம் காட்டிவிடும்.

• குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைனுக்கு, சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் 2010-இல் விதித்த உச்சவரம்பு: கிலோவுக்கு 1 மில்லிகிராம்.