அச்சு உண்மைதான்; நாணயச்சாலை அச்சா?

எட்டாம் வகுப்பில் பழங்கால நாணயங்கள் பற்றிப் பேசிய மறுநாள், மாணவன் ஒருவன் வேட்டித் துணியில் சுற்றி ஒரு பொருளைக் கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்கும் வெண்கலக் கட்டி. ஒரு முகத்தில் வட்டத்துக்குள் லட்சுமி உருவம் குழிவாக இருந்தது. “சார், இது ராஜா காலத்துல காசு அடிச்ச அச்சு. எங்க தாத்தா பெட்டியில இருந்துச்சு” என்றான்.

மாலையில் அவன் அப்பா வந்தார். இரண்டு லட்சத்துக்கு வாங்கிக்கொள்வதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் ‘சான்றிதழ்’ பெறப் பத்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டுமாம். மனைவியின் தோட்டை அடகு வைக்கவும் அவர் தயார். “ரெண்டு நாள் பொறுங்க, பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

மறுநாள் அதையே பாடமாக்கினோம்.

முதல் கேள்வி: உருவம் குழிவாக, இடவலம் மாறி இருக்கிறதா? பத்து ரூபாய் நாணயத்தைக் களிமண்ணில் அழுத்திப் பார்த்தோம். பள்ளத்தில் எழுத்துகள் தலைகீழாக அல்ல, கண்ணாடியில் தெரிவதுபோல் மாறி விழுந்தன. காசு அடிக்கும் அச்சும் அப்படித்தான் இருக்க வேண்டும். எழுத்து நேராகப் படிக்கும்படி புடைத்திருந்தால் அது பெரும்பாலும் நாணயத்தின் நகலே. மாணவனின் கட்டியைக் களிமண்ணில் அழுத்தினோம். லட்சுமி அழகாகப் புடைத்து வந்தாள். அச்சு என்பது உறுதியானது.

இரண்டாம் கேள்வி: அடி எங்கே விழுந்தது? பழைய முறையில் கீழ் அச்சை அசையாமல் பதித்து, அதன் மேல் உலோக வில்லையை வைத்து, மேல் அச்சைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அதனால் மேல் அச்சின் தலை நசுங்கிப் பரந்திருக்கும். இந்தக் கட்டியில் அப்படித் தலையே இல்லை. திருப்பினால் மற்ற முகங்களில் மாங்காய், பூ, கிளி!

மூன்றாம் கேள்வி: இரண்டு பக்கமும் உருவமுள்ள காசுக்கு இரண்டு அச்சு வேண்டுமே, ஜோடி எங்கே? இல்லை.

விடையை மாணவனே சொன்னான்: “தாத்தா நகை செய்வாரு சார்.” மெல்லிய தங்கத் தகட்டைக் குழியின் மேல் வைத்துத் தட்டி, காசு மாலைக்கான காசுகளைச் செய்யும் பொற்கொல்லர் அச்சு அது. கருவி உண்மையானது, ஆனால் நாணயச்சாலையுடையது அல்ல.

“அப்போ நிஜமானது எப்படி சார் இருக்கும்?” என்று கேட்டார்கள். ரோத்தக் கதையைச் சொன்னேன். 1936-இல் தாவரப் புதைபடிவ அறிஞர் பீர்பால் சாஹ்னி, ரோத்தக்கின் கோக்ராகோட் மேட்டில் காசுப் பதிவுகள் கொண்ட சுடுமண் துண்டுகளைக் கண்டெடுத்தார். அவை யௌதேயர்களின் காசு வார்ப்பு அச்சுகள். வார்ப்பில் சுத்தியல் அடி கிடையாது. உருகிய உலோகம் ஓட வழி வேண்டும். அந்தத் துண்டுகளில் காசுக் குழிகளை இணைக்கும் வாய்க்கால்கள் இருந்தன. காசை எடுக்க அச்சை உடைப்பார்கள். அதனால்தான் அவை துண்டுகளாகக் கிடந்தன. வேலை நடந்த விதம் பொருளிலேயே பதிந்திருந்தது. இதைப் பற்றி அவர் 1945-இல் தனி நூலே எழுதினார்.

இன்று மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா நாணயச்சாலைகளில் எஃகு அச்சுகளைக் கொண்டு இயந்திரங்கள் காசு அடிக்கின்றன. அச்சு தயாரிக்க உதவும் மூல அச்சில் மட்டும் உருவம் புடைத்திருக்கும். மாணவர் கொண்டுவரும் பொருள் மண்ணில் புதைந்து கிடைத்தது என்றால் நாமே வைத்துக்கொள்ளக் கூடாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எதையும் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். அடித்த தடயங்கள் அழிந்துவிடும்.

அப்பாவிடம் களிமண் பதிவுகளைக் காட்டி விளக்கினேன். அவர் முகம் சற்று வாடியது. பணம் கட்டவில்லை, தோடு தப்பியது. அடுத்த வாரம் அவன் பாட்டியை வகுப்புக்கு அழைத்தோம். அச்சைக் கையில் வாங்கியவர், “கல்யாண மாசம் வந்தா ராத்திரியெல்லாம் இதுல தட்டிக்கிட்டே இருப்பாரு” என்றார். வகுப்பு முழுக்க அமைதியாகக் கேட்டது.