குழந்தையைக் காணோம்: செய்தியின் பொறுப்பும் ஊரின் பொறுப்பும்

18 வயது நிறையாத ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ தெரியாமல் போனால், காரணம் எதுவானாலும் அவர் காணாமல் போன குழந்தையே. காவல் துறையும் நீதிமன்றங்களும் இப்படித்தான் கணக்கில் கொள்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் கைநழுவிப் போன மூன்று வயதுக் குழந்தை, தேர்வு முடிவுக்குப் பயந்து ரயிலேறிய பள்ளிச் சிறுவன், யாரோ சொன்ன ஆசை வார்த்தையை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்பிய சிறுமி, மருத்துவமனையிலிருந்து களவுபோன கைக்குழந்தை எல்லோரும் ஒரே தலைப்பின் கீழ்தான் பதிவாகிறார்கள். நாடு முழுவதும் இவ்வாறு பதிவாகும் குழந்தைகளில் பெரும்பான்மையோர் சிறுமிகள். ஆனால் ‘குழந்தையைக் காணோம்’ என்ற செய்தி காதில் விழுந்ததும் பொதுமக்கள் மனதில் முதலில் எழுவது, வெளியூரிலிருந்து வந்த கடத்தல் கும்பல் ஒன்றின் உருவம்தான். நடப்பதற்கும் நினைப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியை நல்ல செய்தி குறைக்கிறது. பொறுப்பற்ற செய்தி பெருக்குகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு குழந்தை கண்ணிலிருந்து மறைய வழிகள் பல. சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில்களும், காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் பிரியும் பாதையும் செங்கல்பட்டு சந்திப்பில் கூடுகின்றன. ஜிஎஸ்டி சாலை தொழிற்பேட்டைகளின் நடுவே ஓடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று வரிசையாக வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் இடங்கள். காணும் பொங்கலன்று மாமல்லபுரம் கடற்கரை மக்கள் வெள்ளமாகிவிடும். மாசி மகத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் அங்கே வந்து மணலில் தங்குகின்றன. இத்தகைய கூட்டங்களில் பிள்ளைகள் வழிதவறுவது இயல்பு. ஒலிபெருக்கி அறிவிப்பும் அருகில் இருக்கும் காவலரின் உதவியும் போதும், பெரும்பாலும் பிள்ளை கிடைத்துவிடும். அப்படிக் கிடைக்காதபோதுதான் வழக்கு தொடங்குகிறது.

முதல் மணி நேரங்கள்

காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை எப்படிக் கையாள வேண்டும் என்பதை 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் வந்த உத்தரவு அது. அதன்படி, குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும்; வேறுவிதமாகத் தெரியவரும் வரை கடத்தலாகவோ ஆள்வணிகமாகவோ இருக்கலாம் என்று கொண்டே விசாரிக்க வேண்டும். நான்கு மாதங்களில் குழந்தை கிடைக்காவிட்டால் வழக்கு ஆட்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆகவே சிஎஸ்ஆர் எனப்படும் புகார் ஏற்பு ரசீதை மட்டும் கொடுத்து, ‘இரண்டு நாள் பார்க்கலாம்’ என்று பெற்றோரைத் திருப்பி அனுப்புவதற்கு இடமில்லை.

எல்லைப் பிரச்சினையும் காரணமாகாது. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழும், மற்றப் பகுதி மாவட்டக் காவல் துறையின் கீழும் இருக்கிறது. சாலையின் இந்தப் பக்கம் ஒரு காவல் நிலையம், அந்தப் பக்கம் வேறொன்று என்ற நிலை சில ஊர்களில் உண்டு. எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்று இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. இதற்கு இணையாக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 112 என்ற அவசர எண்ணும் இருக்கின்றன. ரயிலிலோ நிலையத்திலோ தனியே காணப்படும் குழந்தையை ரயில்வே பாதுகாப்புப் படை மீட்டு, குழந்தைகள் நலக்குழுவிடம் சேர்க்கிறது.

செய்தி எதற்குப் பயன்படும்

தேடலில் காவல் துறையிடம் இல்லாத ஒன்று ஊடகத்திடம் இருக்கிறது: ஒரே நேரத்தில் பல லட்சம் பேரின் கவனம். இந்த உண்மையை உலகம் படிப்படியாகவே கற்றது. 1979 மே 25 அன்று நியூயார்க்கில் பள்ளிப் பேருந்தை நோக்கி நடந்த ஆறு வயதுச் சிறுவன் திரும்பவில்லை. அவன் படம் நாடெங்கும் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் பால் அட்டைப் பெட்டிகளில் காணாமல் போன குழந்தைகளின் படங்களை அச்சிடும் வழக்கமும் அங்கே தோன்றியது. மே 25 இன்று காணாமல் போன குழந்தைகளுக்கான பன்னாட்டு நாளாக நினைக்கப்படுகிறது. 1996இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறுமி கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வானொலி நிலையங்களும் காவல் துறையும் சேர்ந்து உருவாக்கிய அவசர அறிவிப்பு முறையே ஆம்பர் அலர்ட். அந்த முறையின் பலம் அதன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடத்தல் என்று காவல் துறை உறுதி செய்து, அடையாளம் காணப் போதிய விவரமும் இருந்தால் மட்டுமே அறிவிப்பு வெளியாகும். எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதை அதை அமைத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இந்தியாவில் டிராக்சைல்டு, பொதுமக்களே தகவல் பதியும் வகையில் 2015இல் வந்த கோயா பாயா ஆகிய இணையதளங்கள் இந்த வேலைக்காக ஏற்பட்டவை. மீட்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் யாரென்று தெரியாதபோது, படத்துடன் நாளிதழில் வெளியாகும் அறிவிப்புக்கும் சட்டத்தில் இடமுண்டு. அந்தச் சிறிய அறிவிப்பை வாசகர்கள் கடந்துபோய்விடுகிறார்கள். ஆனால் யாரும் உரிமை கோராவிட்டால், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இரண்டு மாதத்திலும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நான்கு மாதத்திலும் தத்துக்கு உரியதாகக் குழந்தைகள் நலக்குழு அறிவிக்கலாம். ஒரு தாய்க்குப் பிள்ளை திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த நான்கு வரிகளை யாராவது படிப்பதில் இருக்கலாம்.

தேடலுக்கு உதவும் செய்தியில் இருக்க வேண்டியவை சில: அண்மைக் காலப் படம், வயது, உயரம், கடைசியாக உடுத்தியிருந்த உடை, கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும், பேசும் மொழி, அழைக்க வேண்டிய காவல் நிலைய எண். குடும்பச் சண்டை, தாயின் நடத்தை பற்றிய அக்கம்பக்கத்துப் பேச்சு, சாதி, சிறுமியின் தோழன் யார் என்பன போன்றவை எந்தக் குழந்தையையும் கண்டுபிடித்துக் கொடுப்பதில்லை. 2007இல் போர்ச்சுகலில் விடுமுறைக்குச் சென்ற இங்கிலாந்துக் குடும்பத்தின் மூன்று வயதுச் சிறுமி காணாமல் போனபோது, ஆதாரமின்றிப் பெற்றோர் மேல் பழி சுமத்தி எழுதிய எக்ஸ்பிரஸ் குழும நாளிதழ்கள், மறு ஆண்டு முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு 5,50,000 பவுண்டு இழப்பீடு கொடுக்க நேர்ந்தது.

தமிழர் நினைவில் இருக்க வேண்டிய இன்னொரு நிகழ்ச்சி கடற்கரையோடு சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையின் கல்முனையில் உயிரோடு மீட்கப்பட்ட கைக்குழந்தை ஒன்று, மருத்துவமனைப் பதிவு எண்ணால் ‘81ஆம் எண் குழந்தை’ என்று உலகச் செய்தியானது. ஒன்பது குடும்பங்கள் உரிமை கொண்டாடுவதாக எங்கும் எழுதினார்கள். முறைப்படி கோரியிருந்தது ஒரே ஒரு தமிழ்த் தம்பதிதான். மரபணுச் சோதனை அவர்களே பெற்றோர் என்று காட்டியபின், 2005 பிப்ரவரியில் பிள்ளை அவர்களிடம் வந்தது. சரிபார்க்காத ஒரு எண்ணிக்கை உலகம் சுற்றியது. பெற்ற பிள்ளைக்கே போட்டியிடுபவர்களாக அந்தப் பெற்றோர் பேசப்பட்டார்கள்.

எல்லாக் குழந்தைகளும் செய்தியாவதில்லை

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு குழந்தை காணாமல் போனால் அன்று மாலையே தொலைக்காட்சி வாகனம் வாசலில் நிற்கும். செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பத்தின் பிள்ளைக்கோ, கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைக்கோ, கடற்கரையில் பாசிமணி விற்கும் குடும்பத்தின் பிள்ளைக்கோ அது அமைவதில்லை. கையில் படம் இருக்காது, பிறப்புச் சான்று இருக்காது, மொழி தெரியாது, காவல் நிலையத்தின் படியேறவே அச்சம். செய்தியின் உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. பதின்ம வயதுச் சிறுமிகளுக்கும் இதே நிலைதான். ‘ஓடிப்போய்விட்டாள்’ என்ற ஒரு சொல் தேடலையே தளர்த்திவிடுகிறது. 18 வயதுக்குள் இருக்கும் சிறுமி தன் விருப்பத்தோடு போனதாகச் சொன்னாலும், சட்டத்தின் கண்ணில் அவள் பாதுகாக்கப்பட வேண்டிய குழந்தைதான்.

கோபம் நீதிமன்றம் வரை வரும்போது

2017 பிப்ரவரியில் சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு சிறுமி காணாமல் போய், பிறகு கொலையுண்டு கிடந்தாள். அந்தப் பகுதி அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்ததால் வழக்கு செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றத்துக்கு வந்தது. சிறுமியின் பெயரும் சிரித்த முகமும் தமிழ்நாடு முழுவதும் பரவின. கைதான இளைஞரை அந்த ஆண்டு டிசம்பரில் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தபோது, அங்கே கூடியிருந்தவர்கள் தாக்கினார்கள். 2018 பிப்ரவரி 19 அன்று அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஊர் நிம்மதி கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது.

2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. சான்றுகளின் சங்கிலி முழுமையாக இல்லை. முக்கியமான சிசிடிவி பதிவு முறைப்படி நிரூபிக்கப்படவில்லை. தடயவியல் ஆதாரத்தை நம்ப முடியவில்லை என்று அது கண்டது. குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு வழக்கறிஞர் இல்லை என்பதும், சட்ட உதவி வழக்கறிஞர் அமர்ந்த சில நாட்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது என்பதும் தீர்ப்பில் குறிக்கப்பட்டன. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெற்றோருக்குக் கிடைத்தது விடையில்லாத கேள்வி. விரைவான தண்டனை கேட்ட குரல்களில் ஒரு பங்காவது, பழுதற்ற விசாரணையைக் கேட்டிருக்க வேண்டும். குழந்தைக்கான நீதி, மேல்முறையீட்டிலும் நிலைக்கும் சான்றில்தான் இருக்கிறது.

வதந்தி கொன்றவர்கள்

2018 ஏப்ரல், மே மாதங்களில் வட தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வழியாக ஒரு காணொளி சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். குழந்தையைத் திரும்ப இறக்கிவிட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். வடமாநிலக் கும்பல் இறங்கியிருப்பதாகக் குரல்பதிவுகளும் சேர்ந்தன. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குக் காரில் வந்து வழி கேட்ட குடும்பம் ஒன்று, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகத் தாக்கப்பட்டது. அதில் சென்னையைச் சேர்ந்த மூதாட்டி இறந்தார். அதே வாரம் பழவேற்காட்டில் ஆதரவற்ற மனிதர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். கொல்லப்பட்டவர்கள் எந்தக் குழந்தையையும் கடத்தவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிக்கச் சொன்னது. வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. ஆனாலும் அச்சம் ஓயவில்லை. 2024 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாவட்டத்தின் பம்மலில், குழந்தை கடத்த வந்தவர் என்று சந்தேகித்து ஒரு திருநங்கையைக் கம்பத்தில் கட்டிவைத்துத் தாக்கினார்கள். பலியாவோர் பெரும்பாலும் ஒரே வகையினர்: மொழி தெரியாதவர், வீடற்றவர், மனநலம் குன்றியவர், திருநர். சந்தேகம் முகத்தைப் பார்த்து எழுகிறது. செயலைப் பார்த்து எழுவதில்லை.

பெயரைச் சொல்லும் நேரமும் மறைக்கும் நேரமும்

தேடும் வரை குழந்தையின் பெயரும் படமும் அவளைக் காக்கின்றன. கிடைத்த கணத்திலிருந்து அவையே அவளுக்குத் தீங்காகலாம். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. குழந்தையின் நலனுக்காகக் குழந்தைகள் நலக்குழு எழுத்து மூலம் அனுமதித்தால் மட்டுமே விலக்கு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் குற்றமானால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேர்கிறது. பெயர், முகவரி, பள்ளி, குடும்பம் எதையும் வெளியிடக் கூடாது. இறந்துபோன குழந்தைக்கும் இந்தக் காப்பு உண்டு என்று 2018 டிசம்பர் 11 அன்று நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அஞ்சலிச் சுவரொட்டியும், அலைபேசிகளில் சுற்றும் படமும் இந்தத் தடைக்கு உட்பட்டவையே. வீடு திரும்பிய சிறுமியின் பழைய ‘காணவில்லை’ படத்தை ஆண்டுக்கணக்கில் பகிர்வது, அவள் மறக்க நினைப்பதை ஊர் மறக்கவிடாமல் வைத்திருக்கும் கொடுமை.

ஆகவே வாசகர் செய்ய வேண்டியவை எளியவை. காணாமல் போன குழந்தை பற்றிய தகவல் வந்தால் தேதியும் காவல் நிலைய எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணை அழைத்து உறுதி செய்த பிறகே பகிர வேண்டும். குழந்தை கிடைத்துவிட்டால் பகிர்ந்ததை நீக்க வேண்டும். தனியே நிற்கும் குழந்தையைக் கண்டால் படம் எடுத்துப் பரப்பாமல், அங்கேயே உடன் நின்று 1098க்கோ 112க்கோ சொல்ல வேண்டும்; கிடைத்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் தருவதோ குழந்தையை ஒப்படைப்பதோ சட்டக் கடமை. ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அவரைக் காவலரிடம் விடுவதோடு ஊரின் வேலை முடிகிறது. செய்தி நிறுவனங்கள் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: ‘காணவில்லை’ என்று எந்த இடத்தில் போட்டார்களோ, அதே இடத்தில், பெயரும் படமும் இல்லாமல், ‘குழந்தை கிடைத்துவிட்டது’ என்றும் போடுவது. தேடிய ஊருக்கு அந்தச் செய்தி கிடைக்கும்போதுதான் அச்சம் அடங்கும். அடுத்த முறை உதவி கேட்டாலும் ஊர் நம்பி எழும்.