உங்கள் வீட்டுக் கார் சொன்ன இடத்தில் நிற்கிறதா?

"கார் சமாசாரமா? அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்!" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! காரை ஓட்டுவது அவராகவே இருக்கட்டும். பின் ஸீட்டில் முறுக்கைக் கொறித்துக்கொண்டு வருவது உங்கள் குழந்தைதானே? இந்நாளில் குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் காய்கறியும் வாங்கிக்கொண்டு, தாங்களே கார் ஓட்டி வரும் பெண்களுக்கும் குறைவில்லை. அவர்களுக்கு இந்த விஷயம் இன்னும் அவசியம்.

கார் வாங்கி ஐந்தாறு வருஷமானால், 'கொஞ்சம் செலவு பண்ணி நல்லா ஆக்கலாமே' என்ற ஆசை எல்லா வீட்டிலும் வரும். புது ஸீட் உறை, பாட்டுப் பெட்டி, பளபளக்கும் அலாய் வீல் என்று பட்டியல் நீளும். பார்க்கிற அழகுக்குச் செலவழிக்கும் நாம், நிற்கிற திறமைக்குச் செலவழிக்கிறோமா? கார் நாம் சொன்னபடி கேட்பதற்குக் காரணமானவை பிரேக்கும், ஸஸ்பென்ஷன் எனப்படும் ஸ்பிரிங், ஷாக் அப்ஸார்பர் அமைப்பும்தான். கையிலுள்ள பணம் முதலில் போக வேண்டிய இடமும் அதுதான்.

ஒரு பிரேக்கும் ஒரு லிட்டர் வெந்நீரும்

உள்ளங்கைகள் இரண்டையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சுடுகிறதல்லவா? பிரேக் செய்வதும் அதைத்தான். ஓடும் வேகத்தையெல்லாம் உராய்ந்து சூடாக மாற்றுகிறது. குடும்பமும் மூட்டை முடிச்சுமாக 1,200 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கார், 80 கி.மீ. வேகத்தில் போய் சட்டென்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பிரேக்கில் உண்டாகும் சூடு, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்!

பழைய பிரீமியர் பத்மினி காரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிரம் என்பது மூடி போட்ட பாத்திரம் மாதிரி; உள்ளே உண்டான சூடு சீக்கிரம் வெளியேறாது. டிஸ்க் பிரேக் திறந்த தோசைக்கல் மாதிரி. காற்றுப் பட்டுச் சீக்கிரம் ஆறிவிடும். இன்றையச் சின்னக் கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 'பின்னால் மட்டும் ஏமாத்திட்டாங்களோ?' என்று நினைக்க வேண்டாம். பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதுபோல் காரின் பாரமும் முன் சக்கரங்கள் மேல் போய் விழுகிறது. பெரும்பாலான வேலையைச் செய்வது முன் பிரேக்தான்.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் போகும்போது, எதிரே ஒரு குழந்தை ஓடி வருவதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கும் ஒரு நொடிக்குள் கார் 17 மீட்டர் போய்விடும். அதன்பின், நல்ல டயரும் காய்ந்த ரோடுமாக இருந்தாலும், நிற்பதற்கு இன்னும் சுமார் 20 மீட்டர் வேண்டும். ஆகமொத்தம் மூன்று பஸ் நீளம்! இதுவே 80 கி.மீ. வேகமானால் கிட்டத்தட்ட ஐந்து பஸ் நீளம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். தேய்ந்த டயரும் மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

தூளியும் ஷாக் அப்ஸார்பரும்

வீட்டில் குழந்தைக்கு ஸ்பிரிங் தூளி கட்டியிருப்பீர்கள். ஒரு தடவை இழுத்து விட்டால் அது மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். 'போதும்' என்று நீங்கள் கையால் பிடித்தால்தான் நிற்கும். காரிலும் அப்படியே. பாரத்தைத் தாங்குவதும் பள்ளத்தை விழுங்குவதும் ஸ்பிரிங். 'போதும்' என்று பிடித்து நிறுத்தும் உங்கள் கைதான் ஷாக் அப்ஸார்பர்.

அந்தக் கை தளர்ந்துபோனால் என்ன ஆகும்? கார் தூளியாகிவிடும். "ஆடினால் ஆடட்டுமே, சுகமாத்தானே இருக்கு?" என்று கேட்கலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஓர் உள்ளங்கை அகலம்தான். சக்கரம் துள்ளும்போதெல்லாம் அந்தப் பிடி தளர்கிறது. பிடியில்லாத சக்கரத்தை எவ்வளவு நல்ல பிரேக்கும் நிறுத்தாது. ஸ்டியரிங் திருப்பினாலும் திரும்பாது. அதனால் பிரேக்கையும் ஸஸ்பென்ஷனையும் டயரையும் தனித்தனியே பார்க்கக் கூடாது. மூன்றும் ஒரே குடும்பம்.

கார் பேசுகிறது, காது கொடுங்கள்

குக்கர் விசிலின் சத்தத்தை வைத்தே கேஸ்கட் தேய்ந்துவிட்டதென்று கண்டுபிடிப்பவர்கள் நாம். கார் சொல்லும் அடையாளங்கள் அதைவிடச் சுலபம்.

* பிரேக் போட்டால் 'கீச்' சத்தம்: பேட் தேய்ந்துவிட்டதென்று எச்சரிப்பதாக இருக்கலாம். 'கர்ர்' என்று உரசினால், இரும்பும் இரும்பும் தேய்கிறது என்று அர்த்தம். மறுநாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.
* பெடல் மெத்தென்று உள்ளே போனால், பைப்பில் காற்று புகுந்திருக்கலாம். பிரேக் ஆயில் கசிந்திருக்கலாம்.
* பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சக்கரத்தின் பிரேக் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஸ்டியரிங்கோ பெடலோ நடுங்கினால் டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.
* ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியபின் கார் இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடினாலும், பிரேக் போட்டால் மூக்கு மிகவும் குனிந்தாலும் ஷாக் அப்ஸார்பர் களைத்துவிட்டது. அதன் உடம்பில் எண்ணெய் கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.
* சின்னப் பள்ளத்துக்கும் 'டக் டக்' என்று சத்தம் வந்தால், ரப்பர் புஷ், பால் ஜாயின்ட் போன்ற சின்ன சாமான்கள் தேய்ந்திருக்கலாம்.
* டயர் ஒரு ஓரமாகவோ திட்டுத் திட்டாகவோ தேய்கிறதா? புது டயர் வாங்கும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் அதுவும் அப்படியேதான் தேயும்.

முன்பெல்லாம் காரில் நன்றாக இருந்த குழந்தை, இப்போது ஒவ்வொரு பயணத்திலும் வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்கிறதா? அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் கார் அதிகமாக ஆடுகிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எதை முதலில் மாற்றுவது?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய யாராலும் முடியாது. வரிசையாகச் செய்தால் பட்ஜெட்டும் தாங்கும்.

1. டயர்: பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் சின்ன மேடு ஒன்று இருக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். கடையில் பல வருஷம் கிடந்த டயரைத் தலையில் கட்டாமலிருக்க இந்த எண் உதவும். காற்றின் அளவு, டிரைவர் கதவோரம் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கிறது. வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பே சோதியுங்கள். காசே செலவில்லாத அபிவிருத்தி இதுதான்!

2. பிரேக் ஆயில்: மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசத்துப் போகிறதல்லவா? பிரேக் ஆயிலும் அப்படித்தான், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேரச் சேர அது 155 டிகிரிக்குக்கூட இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால், பைப்பில் ஆவிக் குமிழி உண்டாகும். அப்போது பெடலை மிதித்தால் கால் தரைக்குப் போகும், கார் நிற்காது! பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. எந்த ரகம் என்பது டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

3. பேட், லைனிங்: நல்ல கம்பெனிச் சரக்கு வேண்டும். மலிவுப் பேட் வாங்கி மிச்சம் பிடிக்கும் இடமல்ல இது. பந்தயக் கார் பேட் வேண்டும் என்று உங்கள் பிள்ளை சொன்னால் சம்மதிக்காதீர்கள். நன்றாகச் சூடேறினால்தான் அது கடிக்கும். தெருமுனைக் கடைக்குப் போகிற காருக்கு அது உதவாது.

4. ஷாக் அப்ஸார்பர்: எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும், முன் இரண்டும் சேர்ந்து, பின் இரண்டும் சேர்ந்து. ஒரு காலில் புதுச் செருப்பும் மறுகாலில் தேய்ந்த செருப்பும் போட்டால் நடை எப்படி இருக்கும்! மலைப் பாதையிலும் கரடுமுரடான சாலையிலும் அதிகம் போகிறவர்கள், தங்கள் காருக்கென்றே தயாராகும் வாயு நிரப்பிய ரகம் கிடைத்தால் வாங்கலாம். ஓயாமல் ஆடும்போது உள்ளேயுள்ள எண்ணெய் மோர் கடைந்தது போல் நுரைத்துவிடும். வாயு அழுத்தம் அதைக் கட்டுப்படுத்துகிறது. கூடவே பழைய புஷ்களையும் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டால் கார் புதுசு போல் கைக்கு அடங்கும்.

இதெல்லாம் வேண்டாம்

பார்வைக்காகக் காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங் வேண்டாம். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் வயிறு இடிக்கும். தளர்ந்த ஸ்பிரிங்குக்கு இடையில் ரப்பர் கட்டை செருகுவதும் வைத்தியமல்ல. ஸ்பிரிங் அமுங்க வேண்டிய இடத்தை அது அடைத்துவிடும். மிக அகலமான, மெலிந்த டயர் பள்ளத்தில் விழுந்தால் டயரோடு ரிம்மும் போய்விடும். பின் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் மாட்டித் தருகிறேன் என்று தெருவோர ஒர்க்ஷாப்பில் சொன்னால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் கம்பெனி கணக்குப் போட்டுவைத்த பங்கு கெட்டால், கார் சுழன்றுவிடும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்ஷூரன்ஸிலும் தகராறு வரலாம்.

ஏ.பி.எஸ். இல்லாத பழைய காருக்கு அதைப் புதிதாக மாட்ட முடியுமா? வீட்டு ஒர்க்ஷாப் வேலையல்ல அது. நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் அது கட்டாயம். செகண்ட்ஹாண்ட் கார் வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அவசரத்தில் பிரேக் அழுத்தும்போது பெடல் கடகடவென்று அதிர்ந்தால் பயந்து காலை எடுக்காதீர்கள்! சக்கரம் சிக்கிக்கொள்ளாமல் அது காப்பாற்றுகிறது. விடாமல் அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பலாம்.

மலைப் பாதையில் இறங்கும்போது

வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 என்று கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலைகள் நம்முடையவை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் வளைவுகள் 36தான்; ஆனால் சரிவு மிகக் கடுமை. ஏறும்போது இஞ்சினுக்கு வேலை. இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். கடுஞ்சரிவில் முதல், இரண்டாம் கியர்தான். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் ஆறும். கருகிய வாசனை வந்தால், "என்னங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாமே" என்று நீங்களே ஓரங்கட்டச் சொல்லுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம்.

கிளம்பும் முன் இன்னொன்று: டிரைவர் காலடியில் தண்ணீர் பாட்டிலோ பொம்மையோ உருண்டு போகாமல் பாருங்கள். பெடலுக்கு அடியில் அது சிக்கினால், எந்தப் புது பிரேக்கும் உதவாது. குழந்தையை முன் ஸீட்டில் மடியில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். நல்ல பிரேக் என்றால் கார்தான் சட்டென்று நிற்கும். மடியிலிருக்கும் குழந்தை நிற்காது. பின்னால், அதற்குரிய ஸீட்டில், பெல்ட்டோடு உட்கார வையுங்கள்.

ஒர்க்ஷாப்பில் கேளுங்கள்

"பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்?" என்று நினைக்க இடம் கொடுக்காதீர்கள். "அண்ணே, பேட் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கு, காட்டுங்க. மாத்தினா பழைய சாமானைக் கையில குடுங்க. டிஸ்க் கனம் அளந்து பார்த்தீங்களா? பிரேக் ஆயில் எப்ப மாத்தினது?" என்று நாலு கேள்வி கேளுங்கள். கேட்கத் தெரிந்தவருக்கு வேலையும் கவனமாக நடக்கும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும், பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத ரோட்டில், மெதுவான வேகத்தில் நாலைந்து தடவை பிரேக் போட்டுப் பார்த்தபிறகே குழந்தைகளை ஏற்றுங்கள். புதுப் பேட் பழகும் வரை நிதானம் தேவை.

அடுத்த தீபாவளி போனஸில் அலாய் வீல் என்று வீட்டில் பேச்சு வந்தால், "முதல்ல நாலு நல்ல டயரும் ஒரு ஜோடி ஷாக் அப்ஸார்பரும், அப்புறம்தான் அழகு!" என்று சொல்லிவிடுங்கள். பாட்டி முதல் பேத்தி வரை ஒரே காரில் போகும் குடும்பத்துக்கு, சொன்ன இடத்தில் நிற்கிற கார்தான் அழகான கார்.