ஹோமோஃபோபியா: அச்சமா, வெறுப்பா?

‘ஹோமோஃபோபியா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ‘ஃபோபியா’ என்றால் அச்சம். ஆகவே சிலர் ‘ஓரினச்சேர்க்கை அச்சம்’ என்று எழுதுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை.

இச்சொல்லை 1960களில் உருவாக்கியவர் ஜார்ஜ் வெயின்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர். 1969இல் அச்சேறியது, 1972இல் வந்த அவருடைய நூல் அதைப் பரப்பியது. அப்போது அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. 1973 டிசம்பரில்தான் நீக்கியது. அந்தக் காலத்தில் ஓர் உளவியலாளர், ‘நோய் அவர்களுக்கில்லை, அவர்களைக் கண்டு பதறுகிறவர்களுக்குத்தான்’ என்று திருப்பிப் போட்டது பெரிய காரியம். அந்த மரியாதையைக் குறைக்க மாட்டேன்.

ஆனால் நோய் என்று சொன்னதும் குற்றம் கரைந்துவிடுகிறது. புளியறையில் நின்று பேசுவதால் இங்குள்ள கதையையே எடுத்துக்கொள்கிறேன். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. எந்தச் சாதி எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு அது. அரசின் கோயில்கள் நமக்குத் திறந்ததே 1936 நவம்பரில்தான். தள்ளி நில் என்றவனுக்கும் தீட்டுப் பயம் இருந்தது. அதற்காக அவனை வைத்தியரிடம் அனுப்பச் சொன்னோமா? ‘தீண்டாமை’ என்று பெயரிட்டோம். அரசமைப்பின் 17ஆம் பிரிவு அதை ஒழித்து, கடைப்பிடிப்பதைக் குற்றம் என்றது.

2018 செப்டம்பர் 6 அன்று வயதுவந்தோரின் இசைவான உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் வீட்டுச் சட்டம் தளரவில்லை. வீட்டை விட்டு வந்த இரு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதுபற்றித் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் பாடம் கேட்டுத் தெளிந்தார். ‘மாற்றும் சிகிச்சை’க்கும் தடை விதித்தார். அறியாமையால் வரும் அச்சம் இப்படிப் படித்தால் போகும். ‘வம்சம் விளங்க வேண்டாமா?’ என்று பிள்ளையைப் பூட்டி வைப்பது படிப்பில்லாததால் வருவதா? அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இலேயே காட்டினார். பெண் பெண்ணோடு வாழப் போகிறேன் என்றால் சொத்து, வாரிசு, கொண்டு கொடுக்கும் உறவு எல்லாம் பெரியவர்கள் கையை விட்டுப் போகின்றன. சாதி மறுத்து மணந்தவர்மேல் ஓங்குகிற கைதான் இங்கும் ஓங்குகிறது.

நம் தெரு இதற்கு விலக்கில்லை. ‘ஒம்போது’ என்ற ஏச்சு நம் பிள்ளைகள் வாயிலும் வருகிறது. ஊர்ப்பெயர் சொல்லி இழிவு செய்யப்பட்ட வலி தெரிந்த வீடுகளிலிருந்தே வருகிறது.

ஆகவே ‘தன்பாலீர்ப்பு வெறுப்பு’ என்று எழுதுங்கள். ‘ஓரினச்சேர்க்கை’ மனிதரைப் படுக்கையாகச் சுருக்குகிறது; ‘ஈர்ப்பு’ அவர் மனத்தையும் சேர்த்துச் சொல்கிறது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு இத்தகைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. அதையும் கல்லூரிகளில் கேட்டு வாங்கிப் படியுங்கள். திருநர்மீதான வெறுப்பு இதற்கு நெருங்கிய உறவுதான் என்றாலும், அதை இந்தச் சொல்லுக்குள் அடக்கிவிடாதீர்கள். அதற்குத் தனிச் சொல் வேண்டும்.